கழுத்துப் பலகையும் இடுப்புப் பட்டையும்

அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதியின் கழுத்தில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டி, அதில் மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கைதி எண், தண்டனைச் சட்டப் பிரிவு, தண்டனை விதித்த நாள், விடுதலையாகும் நாள் எல்லாம் அதில் பொறித்திருக்கும். எதிரே வருபவன் எத்தனை தூரம் கடந்துவிட்டான், இன்னும் எத்தனை பாக்கி என்பதை அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமலே படித்துவிடலாம். செல்லுலார் சிறையை 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். அந்தக் காலத்துத் தண்டனைக் குடியிருப்பில் ஏறவேண்டிய படிகள் துல்லியமாக வகுக்கப்பட்டிருந்தன. முதல் ஆறு மாதம் தனிக்கொட்டடி. அடுத்த ஒன்றரை ஆண்டு கூட்டுச் சிறை. பிறகு மூன்றாண்டு கூலியில்லாத கடும் உழைப்பு. அதற்குப் பிறகு ஐந்தாண்டு, கையில் கொஞ்சம் காசு கிடைக்கும் இலகுவான வேலை. பத்தாண்டு முடிந்தால் சொந்தமாகப் பயிர் வைக்கலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம். தீவை விட்டு மட்டும் போகக்கூடாது. நடுவில் நல்ல பேர் எடுத்தவன் டிண்டாலாகவோ ஜமேதாராகவோ உயர்ந்து மற்றக் கைதிகளை மேய்ப்பான். மனித உடம்பைக் காலத்தால் அளந்து, அந்த அளவை உடம்பின் மேலேயே தொங்கவிடும் ஏற்பாடு இது.

இந்த ஏணி இறுகிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான் ஜப்பானில் இன்னொரு ஏணி உருவானது. அதைச் செய்தவர் போர்வீரர் அல்லர், பள்ளி ஆசிரியர். ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஒருசில மாணவர்களோடு ஜூடோவைத் தொடங்கினார். அதுவரை ஜுஜுத்ஸு மரபுகளில் மாணவன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து சுருள் ஓலை மாதிரியான சான்றுகளைப் பெறுவான்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும் இடைவெளி. இத்தனை நீண்ட பாலைவனத்தில் மாணவன் சோர்ந்துவிடுவான் என்று ஓர் ஆசிரியருக்குத்தான் தோன்றும். 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் புழங்கிவந்த 'தான்' என்னும் படிமுறையை எடுத்துக்கொண்டு, 1883இல் தம் மாணவர் இருவருக்கு முதல் படியைக் கொடுத்தார். சில ஆண்டுகளில் படி பெற்றவர்கள் கறுப்புத் துணியை இடுப்பில் கட்டத் தொடங்கினார்கள். வெள்ளைப் பட்டையைத் துவைக்காமல் கட்டிக்கட்டி வியர்வையும் அழுக்கும் ஏறியே அது கறுப்பானது என்று கராத்தே மாஸ்டர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை அழகானது, உண்மையில்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்ற நடுப்படிகள் இன்னும் பிந்தியவை. 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷியின் வழியாகப் பெருவழக்கானவை. தன் பிள்ளை எல்லோ பெல்ட் வாங்கிவிட்டதைத் தொன்மையான கிழக்கத்திய மரபாக எண்ணிப் பூரிக்கும் பெற்றோர் உண்மையில் இரண்டாம் உலகப்போருக்கு முந்திய ஐரோப்பிய வகுப்பறையின் யோசனை ஒன்றைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்கள். கறுப்புப் பட்டையின் முதல் படிக்குப் பெயரும் 'ஷோதான்', தொடக்கப் படி. அரிச்சுவடி முடிந்தது என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் சொல்லவில்லை.

பட்டை எதற்கு என்று கேட்பதற்கு அந்தமான் நிக்கோபாரைவிடத் தோதான இடம் இந்தியாவில் இல்லை. பட்டையே இல்லாத மல்யுத்தம் ஒன்று அங்கே உயிரோடு இருக்கிறது. நிக்கோபாரிகளின் 'கிரிப்' ஆட்டத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் அணைத்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் முடியும்வரை பிடியை விடக்கூடாது. காலால் இடறி, இடுப்பால் தூக்கி, எடையைத் திருப்பி எதிராளியைச் சாய்க்க வேண்டும். முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். சீருடை கிடையாது, சான்றிதழ் கிடையாது, நிறம் கிடையாது. நிக்கோபார் வெளியாள் நினைத்தபோது போய் இறங்கக்கூடிய இடமுமன்று. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அந்தத் தீவுகளுக்கு வேலி கட்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நிக்கோபாரிகள் மொத்தம் 27,168 பேர். கார் நிக்கோபாரில் 'துஹெட்' எனப்படும் கூட்டுக்குடும்பங்களாக வாழ்கிறவர்கள். அப்படிப்பட்ட ஊரில் நல்ல மல்லன் யாரென்று காட்ட எந்தத் துணியும் வேண்டியதில்லை. அவன் விழுந்ததையும் விழுத்தியதையும் பார்த்த கண்கள்தான் சுற்றிலும் இருக்கின்றன. நம் பக்கத்துச் சிலம்பமும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. திருவிழாவில் கம்பெடுத்து இறங்குகிறவனைப் பார்த்து எந்த வாத்தியாரிடம் கற்றவன் என்று கேட்பார்கள். பதிலாக வரும் பெயரே அவனுடைய படிநிலை.

தலைநகர் போர்ட் பிளேரின் கதை வேறு. ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய அந்த நகரம் ஒருவரை ஒருவர் முன்பின் அறியாதவர்களால் ஆனது. கைதிகளின் வழிவந்தவர்கள் தங்களை 'லோக்கல் பார்ன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். கிழக்கு வங்காளத்து அகதிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்கள், தெலுங்கு மீனவர்கள், தமிழ் வணிகர்கள், 2001இல் அமைந்த முப்படைக் கூட்டுக் கட்டளையகத்தின் வீரர்கள், டெபுடேஷனில் வந்து மூன்றாண்டில் திரும்பிப்போகும் அதிகாரிகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களைக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியதும் இந்தக் கணக்கில் சேரும். 2011இல் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளம் தாய்மொழியானவர்கள் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர், தமிழர் பதினைந்து பேர். வீதியிலோ எல்லோருக்கும் இந்தி. இப்படிப்பட்ட ஊரில் "எந்த வாத்தியாரிடம் கற்றவன்" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பெயர் யாருக்கும் எதையும் சொல்லாது. பெயருக்குப் பதிலாக வாசிக்கக்கூடிய ஓர் அடையாளம் தேவைப்படுகிறது. கழுத்துப் பலகை அதிகாரத்துக்காக எழுதப்பட்டது. இடுப்புப் பட்டையை எதிரே நிற்கும் புதியவனுக்காகக் கட்டுகிறோம். என் வாதம் இவ்வளவுதான்: கறுப்புப் பட்டை வீரத்தின் சான்றுமன்று, நற்குணத்தின் சான்றுமன்று. ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் ஒருவர் கையில் மற்றவர் உடம்பை ஒப்படைப்பதற்காக நவீன காலம் செய்துகொண்ட ஏற்பாடு அது. அந்த ஏற்பாடு உண்மையாக நடக்கும் இடத்தில் பட்டைக்கு மதிப்பு உண்டு. நடக்காத இடத்தில் அது வெறும் துணி.

இந்த ஏற்பாட்டுக்கு விலை இருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தீவுக்காரர்கள். கராத்தே பிறந்த ஓகினாவா ஒரு தனி அரசாக இருந்து 1879இல் ஜப்பானோடு இணைக்கப்பட்ட தீவு. அங்கிருந்து வந்த ஃபுனகோஷி 1922இல் தோக்கியோவில் தம் கலையைச் செய்துகாட்டினார். கானோவின் வெள்ளைச் சீருடையையும் பட்டையையும் எடுத்துக்கொண்டு 1924இல் முதன்முதலாகக் கராத்தேயில் 'தான்' படிகள் வழங்கினார். கராத்தே என்ற சொல்லின் முதற்பகுதி அதுவரை சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டுவந்தது. 1930களில் அதே ஒலியுடைய 'வெறுமை' என்னும் எழுத்தால் மாற்றினார்கள். 'சீனக் கை' இப்படித்தான் 'வெறுங்கை' ஆனது. சீனத்தின் மேல் ஜப்பான் படையெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த மாற்றத்தை வெறும் தத்துவ முதிர்ச்சி என்று நம்புவதற்கு நிறைய வெகுளித்தனம் வேண்டும். தீவுக் கலை தன் பெயரைக் கொடுத்து மெயின்லேண்டிடம் பட்டை வாங்கியது. சிலம்பத்துக்கும் இன்று சங்கங்கள், விதிமுறைகள், விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் எல்லாம் வந்துவிட்டன. சில பயிற்சிப் பள்ளிகள் நிறப் பட்டைகளும் கட்டிவிடுகின்றன. நாளை கிரிப்பும் இந்த வரிசையில் நிற்க வேண்டுமா என்று கேட்டால், அதை நிக்கோபாரிகள்தான் சொல்ல வேண்டும். ஊரறிந்த மல்லனுக்குப் பட்டை ஒரு பதவியிறக்கமாகவும் படலாம் என்பதைக் கேட்கிறவர் மறக்கக்கூடாது.

பட்டை காசுக்கு விற்கிற சரக்கு ஆகிவிட்டதே என்பது எல்லோரும் முதலில் எழுப்பும் மறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், டெஸ்டுக்கு ஒரு கட்டணம், அதே நாளில் ஒரு புகைப்படம். பத்து வயதில் பிளாக் பெல்ட். மறுக்க முடியாத குறைதான். ஆனால் இந்தக் குறை பட்டை என்ற யோசனையை வீழ்த்துவதில்லை, அதைச் சோதிக்க ஓர் உரைகல்லைக் கையில் தருகிறது. டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவோன் 1972இல் சியோலில் தொடங்கியது. பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது கறுப்புப் பட்டை தருவதில்லை. பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக 'பூம்' என்று ஒன்றைக் கொடுக்கிறது. முதல் தானிலிருந்து இரண்டாவதற்குக் குறைந்தது ஓராண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டு என்று காத்திருப்பு நீண்டு, எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஒன்பதாண்டு ஆகிறது. உத்தியை விரைவாகக் கற்கலாம், ஆண்டுகளை விரைவாக்க முடியாது என்று அந்த விதி ஒத்துக்கொள்கிறது. கானோ ஊக்கத்துக்காகப் படிகளை நெருக்கி வைத்தார். வணிகம் அந்த நெருக்கத்தை எடுத்துக்கொண்டு, காத்திருப்பை விட்டுவிட்டது. பட்டை கொடுப்பவர் அந்த மாணவனோடு எத்தனை மாலைகள் தரையில் புரண்டிருக்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. சங்கத்தின் பெயர்ப்பலகையில் எத்தனை நாடுகளின் கொடிகள் இருக்கின்றன என்பது அதற்குப் பதிலாகாது.

தற்காப்புக்குத்தானே கற்கிறோம், அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு என்பவர்கள் உண்டு. நடுவண் அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரால் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. மூன்று மாதத்தில் என்ன வந்துவிடும் என்று பட்டைக்காரர்கள் சிரிப்பதுண்டு. சிரிக்கத் தேவையில்லை. கனடாவில் சார்லின் சென் தலைமையில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. முதலாண்டு பல்கலைக்கழக மாணவிகள் 893 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மொத்தம் பன்னிரண்டே மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். அபாயத்தை முன்கூட்டி அறிவது, தெரிந்தவர்களிடமிருந்து வரும் வற்புறுத்தலைத் தயங்காமல் எதிர்ப்பது, கூடவே கொஞ்சம் உடல் தற்காப்பு, இவைதான் பாடம். அடுத்த ஓராண்டில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 9.8 சதவீதம், பெற்றவர்களில் 5.2 சதவீதம். ஏறத்தாழப் பாதி. கட்டா எனும் அடவு வரிசை இல்லை, பட்டை இல்லை, ஐந்தாண்டு இல்லை. ஆபத்து இருட்டுச் சந்திலிருந்து வரும் முகமில்லாதவனைவிட அறிமுகமானவனிடமிருந்தே அதிகம் வருகிறது. அவனிடம் குரலை உயர்த்தக் கற்பதுதான் முதல் அடி. ஆகவே தற்காப்பை மட்டும் வேண்டுகிறவர்கள் கறுப்புப் பட்டைக்காக ஆண்டுக்கணக்கில் உழைப்பது வீண்வேலை என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம். பட்டையின் நியாயம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

ஒழுக்கத்தில் இருக்கிறது என்பார்கள். பயிற்சிக்கூடத்துச் சுவர்களில் பணிவு, பொறுமை, சுயகட்டுப்பாடு என்று எழுதியிருக்கும். இந்த உரிமைகோரலை ஏற்பதற்கு உலகிலேயே மிகத் தயங்கவேண்டிய ஊர் போர்ட் பிளேர். 1942 மார்ச் 23இல் ஜப்பானியப் படை அங்கே இறங்கியது. 1931இலிருந்தே ஜப்பானின் நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோவோ கெண்டோவோ ஆண் மாணவர்களுக்குக் கட்டாயம். அந்தப் பள்ளிகளைக் கடந்துவந்த அதிகாரிகள் குனிந்து வணங்கவும் விழவும் எழவும் முறையாகக் கற்றவர்கள். தானும் பிறரும் சேர்ந்து தழைப்பதே ஜூடோவின் இலக்கு என்று கானோ வகுத்திருந்தார். அந்தத் தலைமுறையின் ஆட்சியில் செல்லுலார் சிறை மறுபடியும் நிரம்பியது. மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அங்கே சித்திரவதை செய்யப்பட்டு 1944 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் நாற்பத்து நான்கு பேரை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக்கொன்றார்கள். ஒரு மாதத்துக்கு முன், 1943 டிசம்பர் 30இல் நேதாஜி அதே நகரில் கொடியேற்றியதை நினைக்கும்போது இந்த நாற்பத்து நான்கு இன்னும் கனக்கிறது. போர்க்கலை மனிதனை நல்லவனாக்கும் என்ற வாக்கியத்தை ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்துக்கு முன் நின்று யாரும் சொல்லிவிட முடியாது. கட்டுப்பாடு ஒரு கருவி. எஜமான் மாறினால் அது அவனுக்கும் அதே விசுவாசத்தோடு உழைக்கும். அப்படியானால் இன்று அந்தத் தீவுப் பிள்ளைகள் 'இச்சி, நி, சான்' என்று ஜப்பானிய மொழியில் எண்ணிக் கைவீசுவது மறதியா? அப்படித் தோன்றவில்லை. நேவி பே பக்கத்தில் கிரிக்கெட் ஆடுவது ஆங்கிலேயன் கட்டிய சிறையை மன்னித்ததாக ஆகுமா? கலையைச் சுமந்து வந்தவர்களின் பாவத்தைக் கலை சுமக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பெயரால் புண்ணியம் கேட்கும் உரிமையும் அதற்கு இல்லை.

வீரமும் கழிந்து ஒழுக்கமும் கழிந்தால் மிஞ்சுவது என்ன? எதிராளி. ஜூடோவில் முதல் மாதங்கள் முழுவதும் எறிவதற்குச் செலவாவதில்லை, விழுவதற்கே செலவாகின்றன. தாடையை உள்ளிழுத்து, தரையைக் கையால் அறைந்து, எலும்பு உடையாமல் விழக் கற்றபின்தான் உங்களைத் தூக்கியெறிய இன்னொருவனுக்குத் துணிவு வரும். கராத்தேயில் இதற்கு இணையானது, முழு வேகத்தில் வரும் குத்தை எதிராளியின் தோலுக்கு ஒரு நூலிழை முன்னால் நிறுத்துவது. நிறுத்துகிறவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும். அசையாமல் நிற்கிறவனுக்கு அதைவிட அதிகமாக வேண்டும். இந்த இரண்டாவது கலையை அந்தமான் கானோவிடம் கற்க வேண்டியிருக்கவில்லை. 1906–08இல் அங்கே களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன், வட அந்தமான் பழங்குடிகளின் சமாதானச் சடங்கு ஒன்றை விவரித்திருக்கிறார். பகைகொண்ட இரு குழுக்கள். மன்னிக்கவேண்டிய தரப்பினர் ஆடிக்கொண்டே மிரட்டும் பாவனையில் முன்னேறி வருவார்கள். மறுதரப்பு ஆண்கள் நார்த்தோரணங்கள் தொங்கவிட்ட தடுப்பு ஒன்றில் கைகளை நீட்டி வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வந்தவர்கள் அவர்கள் ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கியெடுப்பார்கள். நிற்பவன் அச்சத்தையும் காட்டக்கூடாது, கோபத்தையும் காட்டக்கூடாது. பிறகு இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து அழுவார்கள், ஆயுதங்களை மாற்றிக்கொள்வார்கள். பகைவன் கைக்கு உடம்பைக் கொடுத்துவிட்டு நிற்பதற்கு முன் எந்தச் சொல்லும் சமாதானத்தை உறுதிசெய்யவில்லை என்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். இதை வைத்துத் 'தீவின் தற்காப்புக் கலை' என்றொரு பெருமைக் கதையை யாரும் கட்டிவிட வேண்டாம். அது சடங்கு, பயிற்சி அல்ல. ஆனாலும் விழக் கற்பதும் அசையாமல் நிற்பதும் எதற்காக என்று அந்தச் சடங்கு சொல்லும் அளவுக்குத் தெளிவாக எந்தக் கராத்தே கையேடும் சொன்னதாகத் தெரியவில்லை.

சிறைப் பலகையையும் பட்டையையும் அருகருகே வைத்தது அநியாயம் என்று நினைத்தவர்களுக்கான பதிலும் இதில் இருக்கிறது. இரண்டும் காலத்தை உடம்பில் எழுதுகின்றன. இரண்டும் மேலிருப்பவன் கீழிருப்பவனை அளக்கும் ஏணிகள்தாம். தன்விருப்பத்தோடு ஏறியது என்ற ஒரே காரணத்தால் பட்டை தப்பித்துவிடவும் முடியாது, பள்ளியில் கட்டாயமாக்கியபோது ஜப்பானில் அந்த விருப்பமும் போய்விட்டது. வித்தியாசம் அளக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதில். செல்லுலார் சிறையின் நடுக்கோபுரத்தில் நின்ற காவலன் ஏழு கிளைகளையும் பார்த்தான், அவனை யாரும் தொட முடியாது. பயிற்சித் தரையில் அளக்கிறவரும் சட்டையைப் பிடிக்கக் கொடுத்தாக வேண்டும். மாணவனுக்கு ஒரு படியைக் கொடுக்குமுன் அவனால் ஒரு தடவையாவது எறியப்பட்டிருக்க வேண்டும். தரைக்கு வராமல் ஓரத்து நாற்காலியில் இருந்தபடியே பட்டை கொடுக்கும் மாஸ்டர், தெரிந்தோ தெரியாமலோ, அந்தக் கோபுரத்தில் ஏறிக்கொள்கிறார்.

தீவில் இந்த ஏற்பாடு அடிக்கடி அறுபடுகிறது. தகப்பனுக்கு மாற்றல் வந்தால் மகளின் நான்காண்டுப் பயிற்சி கோப்பில் ஒரு தாளாகச் சுருங்கிச் சென்னைக்குக் கப்பலேறுகிறது. அங்கே மாஸ்டர் வேறு, பாணி வேறு, சங்கம் வேறு. பழைய சான்றிதழை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நில் என்று சொல்கிற பள்ளிகள் பல. கண்டிப்பாகத் தோன்றினாலும் முறை அதுதான். அங்கே யாரும் அவளோடு தரையில் இறங்கியிருக்கவில்லை. அவள் முடிச்சைப் போட்டுக்கொண்டு, பெயர்கூடத் தெரியாத ஒருவன் எதிரில் போய் நிற்கிறாள். அவன் குத்து முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. மாஸ்டர் குத்தைப் பார்ப்பதில்லை, அவள் கண் இமைக்கிறதா என்று பார்க்கிறார்.